தற்காலிக வழியில் விடுபட்டவர்கள்: வீவக பேட்டை ஒன்றின் சாலைப்பணி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய முதிர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டை ஒன்றில், சாலையை அகலப்படுத்தி, அதை ஒட்டிய மழைநீர்க் கால்வாயையும் ஆழப்படுத்தும் வேலை. பல ஆண்டு இழுக்கக்கூடியது. சாலைக்குக் குறுக்கே மின்தூக்கியுடன் ஒரு பாதசாரி மேம்பாலம் இருந்தது. அதை இடித்துவிட்டு, வேலை முடியும் தறுவாயில் புதிதாகக் கட்டுவது என்பது திட்டம். பேருந்து நிறுத்தம் தற்காலிகமாக வேறு இடத்துக்குப் போனது. அடுக்குமாடி புளோக்குகளுக்கும் கட்டுமான சைட்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் ஒலித்தடுப்பு, மறுபக்கம் மண்சரிவுத் தடுப்பு என்று ஒரு சந்து விடப்பட்டது. அதுதான் மக்கள் நடக்கும் வழி. கனரக லாரிகள் பேட்டையின் உள்சாலை வழியே வந்து, அந்தச் சந்தைக் குறுக்கே கடந்து, சைட்டுக்குள் நுழையும்.

பேட்டையின் பெயரும் சம்பந்தப்பட்ட நிறுவனங்களின் பெயரும் இந்தப் பதிவில் இல்லை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வேலை முடிந்தபின் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பதற்கான வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடையற்ற அணுகலுக்கான கட்டட விதித்தொகுப்பு சிங்கப்பூரில் 1990லேயே வந்துவிட்டது. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்பதைத் தாண்டக்கூடாது, சக்கர நாற்காலி போகும் வழியில் குறைந்தது 1,200 மில்லிமீட்டர் தெளிவான அகலம் வேண்டும் என்பதெல்லாம் இங்கே வரைபடம் போடுகிறவர்களுக்கு மனப்பாடம். ஐநாவின் உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தை நாடு 2013ல் ஏற்று உறுதிசெய்தது. பொதுப் பேருந்துச் சேவைகள் அனைத்திலும் 2020 இறுதிக்குள் சக்கர நாற்காலியோடு ஏறும் வசதி வந்துவிட்டது. சாலைப்பணி நடக்கும்போது பாதசாரிக்கு மாற்றுவழி விடவேண்டும் என்ற நடைமுறை விதியும் உண்டு, இந்த சைட்டிலும் விட்டிருந்தார்கள். ஆனால் பழைய பாலம் போய்ப் புதிய பாலம் வருவதற்குள் கழியும் அந்த ஆண்டுகளில், பார்வையில்லாத ஒருவர் எப்படிப் போய்ப் பேருந்து பிடிப்பார் என்பதை யாரும் வரைந்து பார்க்கவில்லை.

நான் வேலை செய்யும் சிறு குழு, வட்டார நாடுகளில் பன்னாட்டு வங்கிகளின் கடனில் நடக்கும் திட்டங்களுக்குச் சமூகப் பாதிப்பு மதிப்பீடு செய்து தருவது. உள்ளூர் வேலை எங்களுக்கு அபூர்வம். இங்கே நாங்கள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒப்பந்த நிறுவனம்தான். அந்த வங்கிகள் பணம் போடும் வேலைகளுக்கும் அது ஏலம் கேட்கும் என்பதால், சிங்கப்பூர் வேலைக்கும் அதே அச்சில் ஒரு சுற்றுச்சூழல்–சமூக மேலாண்மைத் திட்டம் எழுதி வைத்திருந்தது. சட்டப்படி அதற்கு அவசியம் இல்லை. சிங்கப்பூர் உலக வங்கியிடம் கடன் வாங்கி இந்தச் சாலையைப் போடவில்லை. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது, அது திட்டமிடல் அனுமதி நடைமுறைக்குள்ளேயே நடக்கிறது.

அந்த அச்சின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திட்டங்களால் இடம்பெயர்வோருக்கான உலக வங்கியின் பழைய மறுகுடியமர்வுக் கொள்கை, தனிக் கவனம் தரவேண்டியவர்கள் என்று வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், நிலமற்றோர், முதியோர், பெண்கள், குழந்தைகள், பழங்குடியினர், சிறுபான்மை இனத்தவர் என ஒரு பட்டியல் போட்டது. உடற்குறையுள்ளோர் அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கையில் நலிந்தோர் பட்டியலும் ஏறக்குறைய இதே மாதிரிதான். உலக வங்கி 2016ல் ஏற்று 2018 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய புதிய கட்டமைப்பில் பத்துத் தரநிலைகள் உண்டு. அதில்தான் உடற்குறை வெளிப்படையாக வருகிறது. ஆசிய வளர்ச்சி வங்கி தன் புதிய கட்டமைப்பை 2024 நவம்பரில் ஏற்றது. உலக வங்கியின் நான்காம் தரநிலை, பொதுமக்கள் புழங்கும் புதிய கட்டுமானங்களில் எல்லா வயதினரும் எல்லாத் திறனுடையோரும் தடையின்றிப் புழங்க வழி வேண்டும் என்கிறது; தொழில்நுட்பமும் பணமும் இடம்கொடுக்கும் அளவுக்கு என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. புதிய கட்டுமானம் என்று படித்தவுடன் எல்லார் கண்ணும் கட்டி முடித்த பொருளின் மேல்தான் போகிறது. தகரத் தடுப்பையும் இரும்புத் தட்டுப் பாதையையும் யாரும் கட்டுமானமாக எண்ணுவதில்லை.

நிறுவனத்தின் ஆவணத்தில் உடற்குறை வந்தது அட்டவணையின் ஒரே ஒரு கட்டத்தில். "பாதிக்கப்படக்கூடிய பிரிவினர்: முதியோர், சிறார், உடற்குறையுள்ளோர். தணிப்பு நடவடிக்கை: தேவைக்கேற்ப உதவி வழங்கப்படும்." யார் வழங்குவது, எங்கே, எந்தச் செலவுக் கணக்கில் என்ற விவரம் எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வரி பழகிய முகம். கேட்க ஒரு குறையும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு செய்யவும் ஒன்றும் இருக்காது.

முதலில் தெரியவந்தது

சைட்டின் லாரி வாசலில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். தேநீர் இடைவேளையில் அவர் சுற்றுச்சூழல் அதிகாரியிடம் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். அதிகாரியும் தமிழர்தான். காலையில் வெள்ளைக்கோலுடன் வேலைக்குப் போகும் ஒரு பெரியவர், சந்தில் நேராக வந்தவர், வாசலருகே திரும்பி சைட்டுக்குள் நடந்துவிட்டார். உள்ளே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. "அண்ணே, அண்ணேன்னு கத்துனேன் சார். அவருக்கு யாரைக் கூப்பிடுறேன்னு தெரியல. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு நிறுத்துனேன்." எழுதி வைத்தாயா என்று அதிகாரி கேட்டதற்கு, "யாருக்கும் அடிபடலையே சார்" என்று பதில் வந்தது.

நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவதற்கு சைட்டில் ஒரு ஏடு இருக்கத்தான் செய்தது. அதில் இருந்தவை பெரும்பாலும் தொழிலாளர், இயந்திரம் சம்பந்தப்பட்டவை. வெளியாள் ஒருவர் தப்பித்தால் அவரே புகார் செய்தால்தான் அது கணக்கில் வரும். புகார் செய்ய வழி என்ன? தகரத் தடுப்பில் ஒட்டிய கியூஆர் குறியீடும் அதன்கீழே ஒரு தொலைபேசி எண்ணும். பார்வையில்லாதவர் அந்தக் குறியீடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தேடுவார் என்பதை விளக்கத் தேவையில்லை.

அதிகாரி புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். தூசி, சத்தம், வாகன நிறுத்துமிடம் பறிபோனது: வழக்கமானவை எல்லாம் இருந்தன. உடற்குறை தொடர்பாக ஒரு புகாரும் இல்லை. வேலை தொடங்குமுன் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பில், உங்கள் வீட்டில் உடற்குறையுள்ளவர் யாரேனும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். மிகச் சில வீடுகளே ஆம் என்றிருந்தன. காகிதத்தைப் பார்த்தால் பிரச்சினையே இல்லாத பேட்டை. அதிகாரிக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டத்தில்தான் எங்களை அழைத்தார்.

நடந்து பார்த்ததும் கேட்டுப் பார்த்ததும்

முதலில் அந்தப் பெரியவரோடு நடந்தோம். ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர். கண் அழுத்த நோயில் படிப்படியாகப் பார்வை போனது. பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி தரும் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டோம். இது அவசியமான ஏற்பாடு. சந்தின் அகலத்தை நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது, பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அகலத்தின் கதை எளிது. வரைபடத்தில் 1,500 மில்லிமீட்டர். ஆனால் ஒலித்தடுப்பைத் தாங்கும் இரும்புக் கால்கள் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இடங்களில் 900தான். அதிலும் ஓரிடத்தில் ‘பாதசாரிகள் இவ்வழி’ என்ற பலகையை நடுவழியில் நிறுத்தியிருந்தார்கள். கால்வாயைத் தாண்ட வைத்த இரும்புத் தட்டின் சரிவு, அளந்து பார்க்கத் தேவையில்லாத அளவுக்குச் செங்குத்து.

சத்தத்தின் கதை வேறு. பெரியவர் சொன்னார்: "முன்னெல்லாம் ரோடு எனக்கு வலது காதுல இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே நேரா போயிடுவேன். இப்ப அந்தக் காதுல ஒண்ணுமே இல்ல."

பார்வையில்லாமல் நடக்கப் பழகியவர்களுக்கு வாகன இரைச்சல் தொந்தரவு மட்டுமல்ல, அவர்கள் திசையறியும் கோடும் அதுவே. சாலைக்கு இணையாக நடக்கிறோமா, சந்திப்பு வந்துவிட்டதா, வண்டிகள் நின்றுவிட்டனவா என்பதெல்லாம் காதுக்கு வரும் செய்தி. ஒலித்தடுப்பு அந்தச் செய்தியை வெட்டிவிட்டது. அடுக்குமாடியில் இருப்பவர்களின் நிம்மதிக்காக, விதிப்படி, நல்ல எண்ணத்தோடு வைத்த தடுப்பு அது. ஒலி அளவுமானியின்படி அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. தடுப்பில் ஒரே இடத்தில்தான் திறப்பு உண்டு: லாரி வாசல். அங்கே மட்டும் சாலையின் இரைச்சல் மொத்தமாகக் கொட்டும். பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடியதால், லாரி பின்வாங்கும்போது எழும் ஒலியும் அதில் அமுங்கிவிடும். அன்று காலை அவர் தடம் தவறவில்லை. தான் கற்ற முறைப்படி, சத்தம் திறந்த இடத்தைச் சாலைமுனை என்று எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். சைட் அவருக்குத் தப்பான செய்தியைத் தந்திருக்கிறது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். சுற்றுச்சூழல் பிரிவு சத்தத்தை ஒரு மாசாகப் பார்த்துக் குறைத்தது. சமூகப் பிரிவு நலிந்தோருக்கு ஒரு கட்டம் போட்டு வைத்தது. இரண்டு பிரிவும் ஒரே ஆவணத்தின் அடுத்தடுத்த அத்தியாயங்கள். ஒன்றின் தணிப்பு நடவடிக்கை இன்னொன்றின் ஆபத்தாக மாறியதை எந்த அத்தியாயமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருடைய வேலையும் அதுவல்ல.

அடுத்து, அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. நீரிழிவால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டவர், சக்கர நாற்காலி. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நிலையம் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான். முன்பு பணிப்பெண்ணின் துணையோடு பேருந்திலேயே போய்வருவார். இரும்புத் தட்டைப் பற்றி அவர் சொன்னது: "மேல தள்ளும்போது நாற்காலி பின்னால சாயும் தம்பி. அந்தப் பொண்ணுக்கும் கை நடுங்கும். உசுரு போய் உசுரு வரும்." இடம் மாறிய நிறுத்தத்துக்குப் போகும் தற்காலிகக் கடவையில் ‘கிரீன் மேன் பிளஸ்’ ஏற்பாடு இல்லை. 2009ல் அறிமுகமான அந்த ஏற்பாட்டில், முதியோரும் உடற்குறையுள்ளோரும் அட்டையைத் தொட்டால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடிவரை கூடுதலாக எரியும். பழைய சந்திப்பில் அது இருந்தது. அதனால் அவர் டாக்சிக்கு மாறியிருந்தார்.

"டயாலிசிஸ்க்குப் போகாம இருக்க முடியுமா? அதுக்கு மட்டும் டாக்சி. மத்ததை எல்லாம் விட்டுட்டேன்" என்றார். மற்றது என்றால் வெள்ளிக்கிழமைக் கோயில், ஈரச்சந்தை, தங்கை வீடு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலையின் தாக்கத்தை அளக்க நிறுவனம் கேமரா வைத்துப் பாதசாரிகளை எண்ணியது. எண்ணிக்கையில் பெரிய வீழ்ச்சி இல்லை. வராமல்போனவர் கேமராவில் தெரியமாட்டார். தவிர்க்க முடியாத பயணம் எப்படியாவது நடந்துவிடும்; தவிர்க்கக்கூடியது என்று அவர்களே முடிவுசெய்துகொள்ளும் பயணங்கள்தான் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

பிறகு, சைட்டுக்கு மிக அருகில் இருந்த புளோக்குகளில் கணக்கெடுப்பை மறுபடி நடத்தினோம். இம்முறை உடற்குறை உண்டா என்று கேட்கவில்லை. உடற்குறைப் புள்ளிவிவரத்துக்காக ஐநாவின்கீழ் 2001ல் உருவான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் பயன்படுத்தினோம். பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் அல்லது படியேறுவதில், நினைவில் வைத்துக்கொள்வதில், குளித்து உடுத்துவதில், பிறருக்குப் புரியவைப்பதில் சிரமம் உண்டா. இருந்தால் கொஞ்சமா, நிறையவா, முடியவே முடியாதா. தமிழிலும் மாண்டரினிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டோம். முன்பு இல்லை என்ற வீடுகளிலேயே, பக்கவாதத்துக்குப்பின் ஊன்றுகோலில் நடக்கும் தாத்தா, காது அறவே கேட்காத ஒரு நடுவயதுக்காரர், ஆட்டிசம் உள்ள பள்ளிச் சிறுவன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தத் தாத்தாவின் மகள் சொன்னார்: "அப்பாவுக்கு உடம்பு முடியல, அவ்வளவுதான். உடற்குறைன்னு நாங்க நினைச்சதே இல்ல."

சிறுவனின் வீடு எட்டாம் மாடி. பாறை உடைக்கும் இயந்திரம் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான் என்றார் அவன் தாய். சத்தத்துக்கான வரம்பை சைட் மீறவில்லை. குடியிருப்பு 150 மீட்டருக்குள் இருந்தால், காலை 7 முதல் இரவு 7 வரையிலான 12 மணி நேரச் சராசரி 75 டெசிபலுக்குள் இருக்கவேண்டும்; ஐந்து நிமிடச் சராசரி 90 வரை போகலாம். மருத்துவமனை, பள்ளி, நோயுற்ற முதியோர் இல்லம் என்றால் அந்தப் பகல் வரம்பு 60. அதாவது, பகலில் சிறப்புப் பள்ளியில் இருக்கும்வரை அவனுக்கு ஒரு வரம்பு. வீட்டுக்கு வந்தபின் வேறு வரம்பு. கட்டடத்துக்குத்தான் வரம்பு, ஆளுக்கு அல்ல. இது விதியின் குறை என்று சொல்லமாட்டேன். எல்லார் வீட்டிலும் 60 என்றால் எந்த வேலையும் நடக்காது. ஆனால் வரம்பை மீறவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுவது குறைதான்.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணங்களும்

பெரிய முடிவு, வழியைப் பற்றியது. மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன.

ஒலித்தடுப்பை எடுத்துவிடுவது முதல் யோசனை. இதை உடனே விட்டோம். பெரியவருக்குச் சாலை திரும்பக் கேட்கும்; சிறுவனின் நிலை இன்னும் மோசமாகும். ஒருவருடைய தேவை இன்னொருவரின் தேவையோடு நேராக மோதும் இடம் இது. உடற்குறையுள்ளோர் என்று ஒரே கட்டத்தில் எல்லாரையும் அடைக்கும்போது மறைந்துபோவது இந்த மோதல்தான்.

சந்து வழியை அகலப்படுத்துவது இரண்டாவது. இரும்புக் கால்களை உள்பக்கம் திருப்பினால் 1,200 கிடைக்கும் என்றார் தளப் பொறியாளர். அகலம் கிடைக்கும், ஆனால் லாரி வாசல் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது, வழியையே மாற்றுவது. மூன்று புளோக்குகளின், வீடுகள் இல்லாமல் திறந்தவெளியாக இருக்கும் கீழ்த்தளம் வழியாக நடந்து, லாரி வராத இடத்தில் உள்சாலையைக் கடந்து, நிறுத்தத்தை அடைவது. தூரம் சற்று அதிகம். ஆனால் கூரை உண்டு, தரை மட்டம், லாரி வாசலைத் தொடவே வேண்டாம். இதையே தேர்ந்தெடுத்தோம்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. கீழ்த்தளம் ஒப்பந்த நிறுவனத்தின் கையில் இல்லை, பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. விளக்கு யார் போடுவது, யாராவது வழுக்கி விழுந்தால் காப்பீடு யாருடையது, படிக்கு மேல் சாய்தளம் போட்டால் பின்னால் யார் எடுப்பது என்று கடிதங்கள் போய்வந்தன. கீழ்த்தளத்துக்கென்று சொந்த வாழ்க்கையும் உண்டு. வார இறுதியில் மலாய்த் திருமணம் நடக்கும். சீனக் குடும்பத்தில் இறப்பு என்றால் சில நாள் பந்தலும் மேசைகளும் இருக்கும். துக்க வீட்டிடம் போய் வழிவிடுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கடைசியில், முன்பதிவு செய்யும்போதே சுவரோரமாக 1,200 மில்லிமீட்டர் விட்டுப் பந்தல் போடும்படி நகர மன்றம் கேட்டுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் குடும்பங்கள் எதுவும் மறுப்பு சொன்னதில்லை.

வழிநெடுக, காலாலும் கோலாலும் தொட்டறியும் வழிகாட்டிப் பட்டைகள் ஒட்டலாம் என்று பொறியாளர் ஆர்வமாக இருந்தார். பயிற்சியாளர் வேண்டாம் என்றார். கோலால் தடவிச் செல்ல அறுபடாத ஒரு விளிம்பு போதும். கீழ்த்தளத்தில் சுவர் இருக்கிறது, சுவர் இல்லாத இடத்தில் தரையோடு ஒட்டிய ஒரு பலகை வையுங்கள், திரும்பும் இடங்களில் மட்டும் பட்டை ஒட்டுங்கள் என்றார். செலவு குறைந்தது. வல்லுநர் என்று யாரையாவது அழைத்தால் செலவு ஏறும் என்ற பயம் இந்தத் துறையில் உண்டு. இங்கே நடந்தது எதிர்மாறு.

இரண்டாவது முடிவு, புகார் கேட்கும் காதை மாற்றுவது. பேட்டையில் யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார், யாருக்கு எந்த இடத்தில் தடுமாற்றம் என்று எல்லாம் தெரிந்தவர்கள் வாசலில் நிற்கும் போக்குவரத்து ஊழியர்கள். அந்த அம்மா தம்பி என்று கூப்பிட்டுப் பேசுவது அவர்களிடம்தான். ஆனால் அவர்கள் சொன்னதை வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் ஆளில்லை. எனவே வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில், நேற்று பாதசாரி யாருக்காவது சிரமம் இருந்ததா என்ற கேள்வி சேர்ந்தது. தமிழ், வங்காளம், மாண்டரின் எதில் வேண்டுமானாலும் குரல்பதிவாக அனுப்பலாம். அடிபட்டாலும் படாவிட்டாலும் ஏட்டில் ஏறும்.

தள மேலாளர் இதற்கு உடனே இணங்கவில்லை. சம்பவ எண்ணிக்கை கூடினால் சைட்டின் பெயர் கெடும் என்றார். அதைவிட முக்கியமான தயக்கம் ஊழியர்களிடம் இருந்தது: சொன்னால் நம் தலையில்தான் விடியும். அனுமதிச் சீட்டில் வேலை செய்யும் வெளிநாட்டு ஆளுக்கு அது பொய்யான பயம் அல்ல. பதிவு செய்தவர்மேல் அந்தப் பதிவை வைத்து நடவடிக்கை எடுப்பதில்லை என்று மேலாளர் எழுத்தில் கொடுத்தபிறகுதான் முதல் குரல்பதிவு வந்தது. பாதசாரிக்காக லாரியை நிறுத்தும் அதிகாரமும் அவர்களுக்கு வெளிப்படையாகத் தரப்பட்டது. அதற்குமுன் லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தால் இவர்கள் விலகிக்கொள்வதே வழக்கம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜெனரேட்டர் வாசலிலிருந்து சைட்டின் மறுகோடிக்குப் போனது. கால்வாய்மேல் இருந்த தட்டை எடுத்துவிட்டு 12க்கு 1 சரிவில் சாய்தளம் வந்தது. பாறை உடைப்பு எப்போது என்று சிறுவனின் தாய்க்கு முன்கூட்டியே குறுஞ்செய்தி போகும். அவன் பள்ளியிலிருந்து வந்திறங்கும் நேரத்தையொட்டி ஒரு மணி நேரம் உடைப்பு இல்லை. முழுப் பிற்பகலும் நிறுத்த முடியாது, கான்கிரீட் ஊற்றத் தொடங்கினால் பாதியில் விட முடியாது என்று பொறியாளர் சொன்னதில் நியாயம் இருந்தது.

டாக்சிச் செலவு விஷயத்தில் எங்கள் பரிந்துரை ஏற்கப்படவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றது நிறுவனம். மாற்றாக, புளோக்கின் பின்பக்க வாகன நிறுத்துமிடத்தில் ஏற்றி இறக்க ஓரிடம் ஒதுக்கி, அதுவரை கூரையும் போட்டுத் தந்தது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனாலும் அந்த அம்மா வேலை தொடங்கியதிலிருந்து கைக்காசு போட்டு ஈடுகட்டிய இழப்பு இந்தத் திட்டம் உண்டாக்கியது. மறுகுடியமர்வு வேலைகளில் இடைக்காலப் போக்குவரத்துச் செலவைத் தருவது சாதாரண நடைமுறை. வீடு இடம் மாறவில்லை என்ற ஒரே காரணத்தால் இங்கே அது கேட்கக்கூடாத கோரிக்கையாகிவிட்டது.

பின்விளைவு

புதிய வழி திறந்தபின் பெரியவர் பயிற்சியாளரோடு சிலமுறை நடந்து பழகிவிட்டுத் தனியாகப் போகத் தொடங்கினார். கீழ்த்தளத்தில் சைக்கிள்களைச் சுவரோரம் நிறுத்துவது அவருக்குப் பெரிய தொல்லை. அது இன்னும் தீர்ந்தபாடில்லை. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தள்ளுவண்டித் தாய்மாரும் சந்தை வண்டி இழுக்கும் பாட்டிமாரும் பழைய சந்து வழியை விட்டு இந்த வழிக்கு மாறிவிட்டார்கள். வாசலில் கடக்கும் கூட்டம் குறைந்ததால் லாரிகள் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. தள மேலாளர் இந்த ஏற்பாட்டை ஆதரித்துப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். காரணம் எதுவானால் என்ன.

ஏட்டில் பாதசாரி தொடர்பான பதிவுகள் ஏறின. தலைமையகத்திலிருந்து ஏன் திடீரென்று இத்தனை என்று கேள்வி வந்தபோது, முன்பும் இதே அளவு நடந்தது, எழுதப்படவில்லை என்று சுற்றுச்சூழல் அதிகாரி பதில் எழுதினார். அந்தப் பதிலை அவர்கள் ஏற்றுக்கொண்டது இந்த வேலையில் கிடைத்த நல்ல செய்திகளில் ஒன்று.

சிறுவனுக்கு ஏற்பாடு பாதிதான் பலித்தது. ஒரு மணி நேர இடைவெளி உதவியது; குறுஞ்செய்தி தாய்க்கு உதவியது, பிள்ளைக்கு அல்ல. உடைப்பு உச்சத்தில் இருந்த வாரங்களில் அவனை ஈசூனில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இடமாற்றமே அவன் உறக்கத்தைக் கெடுத்தது என்றார் தாய். இதை வெற்றி என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

காது கேட்காத நடுவயதுக்காரர் விஷயம் தாமதமாகவே கவனத்துக்கு வந்தது. சைட்டின் எச்சரிக்கைகள் எல்லாமே ஒலி: ஹாரன், விசில், பின்வாங்கும் பீப். வாசலில் சுழல்விளக்கு பொருத்தச் சொன்னோம். பொருத்தினார்கள், ஆனால் அது வாசலைப் பார்த்து இருந்தது, உள்சாலையில் வருபவரைப் பார்த்து அல்ல. திருப்பி வைக்கச் சில வாரம் பிடித்தது.

மாற்ற வேண்டியவை

கணக்கெடுப்பில் உடற்குறை உண்டா என்ற கேள்வியை எடுத்துவிட்டு ஆறு கேள்விகளை வைப்பது முதல் மாற்றம். செலவில்லாதது. அதோடு, இப்போது எங்கெல்லாம் போகிறீர்கள் என்று வேலை தொடங்குமுன்பே கேட்டு வைக்க வேண்டும். நின்றுபோன பயணங்களைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

ஒலித்தடுப்போ தகரத் தடுப்போ இடம் மாறும்போதெல்லாம், மாற்றிய அன்றே பார்வையில்லாத ஒருவரும் சக்கர நாற்காலியில் ஒருவரும் அந்த வழியே போய்ப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வல்லுநர் கட்டணம் தரவேண்டும், பரிசுச் சீட்டும் பழக்கூடையும் அல்ல. உடற்குறையுள்ளோரை அவர்களின் அமைப்புகள் வழியே நெருங்கிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஐநா ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் கலந்தாலோசனை என்பது சமூக மன்றத்தில் ஒரு மாலைக் கூட்டமாக, கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டுவிட்டுப் போவதாக முடிந்துவிடுகிறது.

சத்தத்தைக் குறைக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எதிரே, இதனால் யாருக்கு என்ன கேட்காமல் போகும் என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். தூசிக்காகத் தண்ணீர் தெளிக்கும்போது ஊன்றுகோல் வழுக்கும் இடம், கொசுவுக்காக மூடும் வடிகாலின் விளிம்பு என்று அதே கேள்வி மற்றவற்றுக்கும் பொருந்தும். சுற்றுச்சூழல் அத்தியாயம் எழுதுபவரும் சமூக அத்தியாயம் எழுதுபவரும் அந்தக் கட்டத்தைச் சேர்ந்து நிரப்ப வேண்டும்.

பணம். ஏல ஆவணத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் குறிக்கும் அளவுப் பட்டியலில் தற்காலிக நடைவழிக்கு மீட்டர் கணக்கில் தனி வரி இருந்திருந்தால் பாதிக் கடிதங்கள் மிச்சமாகியிருக்கும். இந்த வேலையில் எல்லாம் பொதுச் செலவில் அடங்கும் என்றிருந்ததால், ஒவ்வொரு பலகைக்கும் சாய்தளத்துக்கும் நிறுவனம் தன் லாபத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் எந்த நிறுவனமும் தயங்கும். அடுத்த ஏலத்துக்கு இந்த வரியைச் சேர்க்கும்படி திட்ட உரிமையாளரிடம் கேட்டிருக்கிறோம். பரிசீலனையில் இருக்கிறது.

பின்பக்க நிறுத்துமிடத்தில் ஒதுக்கிய இடத்தையும் கீழ்த்தள வழியையும், புதிய பாலத்தின் மின்தூக்கி இயங்கத் தொடங்கும் நாள்வரை நீட்டிக்க வேண்டும் என்பதும் எங்கள் பரிந்துரை. சாலைப்பணி முடிந்த நாளோடு அவற்றை எடுத்துவிடுவது வழக்கம். சாலை திறந்து, மின்தூக்கி சோதனைக்காகப் பூட்டிக்கிடக்கும் மாதங்களில் அந்த அம்மாவுக்கு மறுபடி வழி இருக்காது. அனுமதி தற்போதைக்கு ஆறுமாதத் தவணையாக நீட்டிக்கப்பட்டு வருகிறது.